சன்மைக்காவுக்குக் கிடைத்த மரியாதை: மெம்ஃபிஸ் குழுவின் கதை

கேள்வி இதுதான்: "ஒரு சின்ன கஃபேக்கு இன்டீரியர் செய்கிறேன். ஓனர் 'மெம்ஃபிஸ் ஸ்டைல் வேண்டும்' என்கிறார். தேடிப் பார்த்தால் நெளிந்த கோடு, முக்கோணம், ரோஸ், மஞ்சள். எனக்கு பிளே ஸ்கூல் சுவர் மாதிரிதான் தெரிகிறது. இதில் கலகம் எங்கே இருக்கிறது? ஏழெட்டு வருஷம் ஓடிய ஒரு குழுவை நாற்பது வருஷம் கழித்தும் ஏன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?"

மெம்ஃபிஸ் என்பது எண்பதுகளில் இத்தாலியின் மிலானில் இயங்கிய ஒரு டிசைன் குழு. பிளே ஸ்கூல் சுவர் என்றதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க விமர்சகர் ஒருவரும் இதை பௌஹவுஸ் என்ற கறாரான ஜெர்மன் டிசைன் பள்ளிக்கும் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைக் கம்பெனிக்கும் நடந்த கட்டாயக் கல்யாணம் என்றுதான் கிண்டலடித்தார். மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் இணையத்தில் வரும் படங்களையெல்லாம் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு பொருளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

கார்ல்டன் என்று பெயர். 1981இல் குழுவின் தலைவரான இத்தாலியர் எத்தோரே சோட்சாஸ் வடிவமைத்தது. புத்தக அலமாரி என்றும் சொல்லலாம், அறையைப் பிரிக்கும் தடுப்பு என்றும் சொல்லலாம். உயரமும் அகலமும் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர், ஆழம் 40 சென்டிமீட்டர். கீழே கனமான ஒரு பீடம். அதன் மேல் வெளுத்த தரையில் கறுப்புப் புழுக்கள் நெளிவது போன்ற அச்சு. பீடத்துக்கு மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பலகைகள். சில படுத்திருக்கின்றன, சில நிமிர்ந்திருக்கின்றன, சில இரண்டு பக்கமும் வெளியே சாய்ந்து விரிகின்றன. உச்சியில் கை விரித்து நிற்கும் ஒரு ஆள் மாதிரியான உருவம். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பல கைகள் விரித்த சாமிதான் ஞாபகத்துக்கு வந்தது.

"சாய்ந்த பலகையில் புத்தகம் எப்படி நிற்கும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். நம் வீட்டு அலமாரியில் புத்தகம் என்றைக்கு நேராக நின்றிருக்கிறது? இரண்டு புத்தகத்தை எடுத்தால் மூன்றாவது சாய்ந்துவிடும். சாய்கிற புத்தகத்துக்குத் தோதாக இவர் பலகையையே சாய்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் என் சமாதானம்தான். கார்ல்டன் தன்னை யாரிடமும் நியாயப்படுத்திக்கொள்வதில்லை.

இப்போது அதைத் தட்டிப் பாருங்கள். தேக்கு இல்லை, வால்நட் இல்லை. உள்ளே எம்.டி.எஃப் (மர இழையைப் பிசினோடு அமுக்கிய பலகை), மேலே ஒட்டியது பிளாஸ்டிக் லேமினேட். அதாவது நம் ஊர் ஆசாரி 'மைக்கா' என்றும் கடைக்காரர் 'சன்மைக்கா' என்றும் சொல்கிற அதே சங்கதி. (சன்மைக்கா ஒரு பிராண்டின் பெயர். ஜெராக்ஸ் மாதிரி அதுவே பொருளின் பெயராகிவிட்டது.) மெம்ஃபிஸ் பற்றி நான் சொல்ல வருவது முழுக்க இந்தத் தகட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறமும் நெளிவும் அதற்குப் பிறகுதான்.

லேமினேட் எப்படித் தயாராகிறது என்று நீங்கள் அறிந்திருப்பீர்கள், இருந்தாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிற கிராஃப்ட் காகிதத்தைப் பிசினில் ஊறவைத்துப் பல அடுக்காக அடுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அச்சடித்த ஒரு தாள், அதற்கு மெலமைன் பிசின். மொத்தத்தையும் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து அமுக்கினால் கல் மாதிரி இறுகிவிடும். ஆக, கண்ணுக்குத் தெரிவது காகிதத்தில் அச்சடித்த ஒரு படம். எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் பெரும்பாலும் எதை அச்சடித்தார்கள்? மர ரேகை. இல்லாவிட்டால் மார்பிள். எதுவாகவும் ஆகக்கூடிய ஒரு பொருளை எடுத்து, வேறொன்றாக நடிக்க வைத்தார்கள். இத்தாலியில் அது சமையலறை மேடையிலும் புறநகர் காபி பார்களின் கவுண்டரிலும் இருந்தது. வரவேற்பறைக்குள் வர அதற்கு அனுமதி இல்லை. வசதியில்லாதவர்கள் வாங்குவது, துடைத்தால் போய்விடுவது, ரசனை கெட்டது என்று முத்திரை.

சோட்சாஸ் செய்தது இதுதான்: நடிக்காதே என்று சொல்லிவிட்டார். மரமாகவும் இல்லாமல் கல்லாகவும் இல்லாமல், இயற்கையில் எங்கேயும் இல்லாத ஒரு அச்சைப் போட்டு, அதை வீட்டின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சில பொருட்களில் விலையுயர்ந்த மரத்தோலையும் மலிவு லேமினேட்டையும் அடுத்தடுத்து ஒட்டினார்கள், ஒரே பந்தியில் ஜமீன்தாரையும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கையும் உட்கார வைத்த மாதிரி. கலகம் எங்கே என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து இங்கேதான்.

கார்ல்டனின் பீடத்தில் இருக்கும் அந்தப் புழு அச்சுக்கு 'பாக்தேரியோ' என்று பெயர். 1978இல் அபெத் லமினாத்தி என்ற இத்தாலிய லேமினேட் கம்பெனிக்காக சோட்சாஸ் வரைந்தது. இதைப் பற்றி ஒரு கதை டிசைன் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது: மதுரையில் ஒரு புத்தர் கோயில் சுவரின் சொரசொரப்பைப் பார்த்துத்தான் இந்த அச்சு பிறந்ததாம். மதுரையில் புத்தர் கோயிலா என்று நம் ஊர்க்காரர்கள் உடனே புருவத்தைத் தூக்குவார்கள். சமணர் படுக்கை என்றால் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளில் எத்தனையோ காட்டலாம். மேலைநாட்டுக்காரர்கள் எழுதும்போது கோயில் எந்தச் சாமியுடையது என்பதில் கொஞ்சம் கைநழுவியிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் அந்த மனிதர் இந்தியாவுக்கு வந்தார், அது அவரை உலுக்கியது என்பதில் சந்தேகமே இல்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். மெம்ஃபிஸ் என்றதும் இருபத்து மூன்று வயதுப் பையன்களின் குறும்பு என்று நினைக்கத் தோன்றும். பையன்களும் பெண்களும் இருந்தார்கள், உண்மைதான். நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு 63 வயது.

சோட்சாஸ் 1917இல் இன்ஸ்ப்ரூக்கில் பிறந்தவர். அப்பாவும் கட்டடக் கலைஞர், அவருக்கும் அதே பெயர். இவர் தூரினில் கட்டடக்கலை படித்து 1939இல் பட்டம் வாங்கினார், போரில் சிக்கினார், பிறகு மிலானுக்கு வந்தார். 1958இல் இருந்து டைப்ரைட்டர் செய்யும் ஒலிவெத்தி கம்பெனிக்கு ஆலோசகர். இத்தாலியின் ஆரம்பகாலப் பெரிய கம்ப்யூட்டர்களில் ஒன்றான எலியா 9003க்கு உடம்பு கொடுத்தவர் அவர்தான். அறை நிறைய நிற்கும் இயந்திரம், ஆனால் அதை இயக்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிற மாதிரி பெட்டிகளைக் குட்டையாக்கினார். அதற்கு 1959இல் கொம்பாஸோ தோரோ என்ற இத்தாலியின் பெரிய டிசைன் விருது கிடைத்தது. ஆக, இவர் 'பயன்தான் முக்கியம், அலங்காரம் வேண்டாம்' என்ற நவீனத்துவ விதிகள் தெரியாமல் உடைத்தவர் இல்லை. அந்த விதிகளின்படி முதல் மார்க் வாங்கிவிட்டு உடைத்தவர்.

1961இல் இந்தியப் பயணம். திரும்பிப் போன பிறகு சிறுநீரகம் கெட்டு உயிர் போகிற நிலை. கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்த்தோ ஒலிவெத்தி செலவை ஏற்றுக்கொண்டு அவரை கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவுக்கு அனுப்பி வைத்தியம் பார்க்க வைத்தார். பிழைத்தார். பிழைத்து வந்து அவர் செய்த பீங்கான் வரிசைகளின் பெயரைப் பாருங்கள்: 1963இல் 'இருளின் பீங்கான்கள்', 1964இல் 'சிவனுக்குக் காணிக்கை'. நேர்த்திக்கடன் செலுத்தியது போலத்தான் இருக்கிறது. ஒரு தட்டு என்பது சோறு போட மட்டும் இல்லை, அது ஒரு சடங்கின் பகுதி, அதைப் பார்த்தால் மனசுக்குள் ஏதாவது நடக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் காலத்தில்தான் அவரிடம் கெட்டிப்பட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கார்ல்டனைப் பார்த்தால் பொம்மையாகத்தான் தெரியும்.

1969இல் பெர்ரி கிங் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து வாலன்டைன் டைப்ரைட்டர். ரத்தச் சிவப்பு பிளாஸ்டிக், தூக்கிக்கொண்டு போக ஒரு உறை. ஆபீசின் சாம்பல் நிறத்தில் இருந்து தப்பித்து வந்த பொருள். அதை ரொம்ப மலிவாக, எல்லோரும் வாங்கும்படி கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது நடக்கவில்லை. விற்பனையும் பெரிதாக இல்லை. அருங்காட்சியகங்களுக்குத்தான் நன்றாகப் போனது.

அந்தக் காலத்து இத்தாலியில் இவர் மட்டும் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஃபிளாரன்ஸில் 1966இல் தொடங்கிய சூப்பர்ஸ்டுடியோ, ஆர்க்கிஸூம் போன்ற குழுக்கள் 'நல்ல டிசைன்' என்பதையே கேள்வி கேட்டன. 1976இல் மிலானில் அல்கிமியா என்ற ஸ்டுடியோ வந்தது. அலெஸ்ஸாந்த்ரோ மெந்தினி அதன் முக்கியமான மூளை. பழைய பரோக் பாணி நாற்காலி முழுக்கப் புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டி 'புரூஸ்ட் நாற்காலி' என்று 1978இல் வைத்தாரே, அவர்தான். சோட்சாஸும் கொஞ்ச காலம் அங்கே இருந்தார். ஆனால் அல்கிமியாவின் குரலில் ஒரு சலிப்பு உண்டு. இனிப் புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை, இருப்பதற்கே வண்ணம் பூசுவோம் என்ற மாதிரி. சோட்சாஸுக்கு அது ஒத்துவரவில்லை. அவருக்குப் பொருளை உண்மையிலேயே தயாரித்து, விற்று, வீட்டுக்குள் அனுப்ப வேண்டும்.

சரி, பெயருக்கு வருவோம். 1980 டிசம்பரில் மிலானில் சோட்சாஸின் வீட்டில் சிலர் கூடினார்கள். மிக்கேலே தே லூக்கி, ஆல்தோ சிபிக், மத்தேயோ தூன், மார்கோ ஸானீனி, மார்ட்டின் பெதான் ஆகியோர் வந்திருந்தார்கள். பார்பரா ராதீச்சேயும் உண்டு. சோட்சாஸின் வாழ்க்கைத் துணையான அவர் எழுத்தாளர், பின்னால் குழுவின் கலை இயக்குநர். இசைத்தட்டில் பாப் டிலனின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 'மெம்ஃபிஸ் புளூஸ் அகெய்ன்' என்ற இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பாடியது. யாரும் எழுந்து போய் மாற்றவில்லை. கடைசியில் சோட்சாஸ், சரி மெம்ஃபிஸ் என்றே வைத்துக்கொள்வோம் என்றார். டென்னஸியில் எல்விஸின் ஊரும் மெம்ஃபிஸ், பழைய எகிப்தின் தலைநகரமும் மெம்ஃபிஸ். ராக் அண்ட் ரோலும் பிரமிடும் ஒரே சொல்லில். இதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்து வைத்திருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

வேகம் ஆச்சரியமானது. டிசம்பரில் பேச்சு, பிப்ரவரிக்குள் நூற்றுக்கும் மேல் வரைபடங்கள், செப்டம்பரில் கண்காட்சி. இது எப்படி முடிந்தது? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, இவர்களில் பலருக்கு வேறு வேலை இருந்தது. தே லூக்கியும், குழுவில் இருந்த ஜார்ஜ் சௌடனும் ஒலிவெத்திக்கு வடிவமைத்துக்கொண்டிருந்தவர்கள். ஆபீஸ் இயந்திரத்துக்கு ஒழுங்கான உடம்பு வரைகிற அதே கைதான் இந்தக் கூத்தையும் அடித்தது. சோறு வேறு இடத்தில் கிடைத்ததால் இங்கே சமரசம் தேவைப்படவில்லை. இரண்டாவது, பணமும் கைவினையும். ஆர்தெமிதே என்ற விளக்குக் கம்பெனியின் நிறுவனர் எர்னெஸ்தோ ஜிஸ்மோந்தி பின்னால் நின்றார். மெம்ஃபிஸ் கம்பெனிக்குத் தலைவரும் அவர்தான். மரவேலைக்கு ரென்ஸோ புரூகோலா, சோட்சாஸுக்குப் பழக்கமான கைகாரர். லேமினேட்டுக்கு அபெத்.

1981 செப்டம்பர், மிலானில் மரச்சாமான் கண்காட்சி நடக்கும் வாரம். ஆர்க் 74 என்ற ஷோரூமில் திறப்பு. 31 மரச்சாமான்கள், 10 விளக்குகள், 11 பீங்கான்கள், 3 கடிகாரங்கள். 2,000 பேருக்கு மேல் வந்து தெருவை அடைத்துவிட்டார்கள்.

முதல் வரிசையின் பெயர்களில் ஒரு குசும்பு உண்டு. பலவற்றுக்குப் பெரிய ஓட்டல்களின் பெயரை வைத்திருந்தார்கள். கார்ல்டன், பிளாஸா, ஹில்டன். சௌடனின் நாற்காலிக்கு 'ஓபராய்'. சோட்சாஸின் ஒரு விளக்குக்கு 'அசோகா'. மலிவான தகட்டில் செய்த சாமானுக்கு நட்சத்திர ஓட்டல் பெயர்! நம் ஊரில் முடிதிருத்தும் கடைக்கு 'பாரிஸ்' என்று பெயர் வைப்பதன் மறுபக்கம் இது.

அந்தக் கூடத்தில் இருந்தவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, பெதான் செய்த 'சூப்பர்' விளக்கு. நீல நிறத்தில் ஒரு அரைவட்டம், அதன் முதுகில் வரிசையாகக் கலர் ஹோல்டரில் பல்புகள், கீழே நான்கு சக்கரம், பின்னால் வயர். நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு போவது மாதிரி வயரைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போகலாம். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விளக்கு வெளிச்சம் மட்டும் கொடுக்காது, கூடவும் வரும் என்று யோசிக்க அந்த வயசு வேண்டும்.

இன்னொன்று, ஜப்பானைச் சேர்ந்த மசனோரி உமேதா செய்த 'தவராயா'. குத்துச்சண்டை மேடையேதான். நான்கு பக்கமும் கயிறு, உள்ளே ததாமி பாய். கியோட்டோவில் அந்தப் பெயரில் ஒரு பழைய விடுதி இருக்கிறது. உட்காரவா, படுக்கவா, அடித்துக்கொள்ளவா என்று கேட்டால் பதில் கிடையாது. குழுவினர் எல்லோரும் அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. மெம்ஃபிஸ் உலகம் முழுக்கப் போனது அந்த மாதிரிப் படங்களின் மேல் ஏறித்தான்.

குழுவில் இருந்த நத்தாலி டு பாஸ்கியேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் 'நெளிந்த கோடு' என்று சொல்வதில் கணிசமான பங்கு அவருடையது. போர்தோவில் 1957இல் பிறந்தவர், டிசைன் படித்தவர் இல்லை.  மேற்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சுற்றித் திரிந்துவிட்டு 1979இல் மிலான் வந்து சேர்ந்தார். சந்தையில் பார்த்த துணிகளின் நெருக்கமும் துள்ளலும் அவர் கையில் இருந்தன. துணிக்கு, லேமினேட்டுக்கு, கம்பளத்துக்கு என்று அச்சு அச்சாக வரைந்து தள்ளினார். ஒரு நாற்காலிக்கு உருவம் முதலில், அலங்காரம் கடைசியில் என்பது அதுவரை இருந்த வரிசை. இவரிடம் அது தலைகீழ். அச்சு முதலில் வந்துவிடும், நாற்காலி அதை ஏந்திக்கொள்ள வரும்.

இனி குறைகள். ரசிகர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள்.

உட்கார்ந்து பார்த்தால் பல நாற்காலிகள் வதைதான். தே லூக்கியின் 'ஃபர்ஸ்ட்' நாற்காலி 1983இல் வந்தது. மெல்லிய இரும்பு வளையம், முதுகுக்கு நடுவில் ஒரு நீல வட்டத் தகடு, கைக்கு இரண்டு கறுப்புப் பந்து. ஏதோ கிரகங்கள் சுற்றுவது போல அவ்வளவு அழகு. அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்கு எழுதச் சொன்னால் முதுகு வழக்குப் போடும்.

அதைவிடப் பெரிய முரண்பாடு விலை. ஏழைகளின் பொருளுக்கு மரியாதை கொடுத்தார்கள், ஆனால் கையால் கொஞ்சமாகச் செய்ததால் வாங்கியது பணக்காரர்கள். ஃபேஷன் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் மொண்டே கார்லோவில் இருந்த தன் வீடு முழுவதையும் மெம்ஃபிஸ் சாமான்களால் நிரப்பினார், அந்தக் குத்துச்சண்டை மேடை உட்பட. பத்து வருஷம் கழித்து 1991இல் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டுவிட்டார். வாலன்டைனை எல்லோர் கைக்கும் கொடுக்க நினைத்து முடியாமல் போன சோட்சாஸ், இதிலும் அதே பள்ளத்தில் விழுந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். லேமினேட் வரவேற்பறைக்கு வந்தது. அதன் பழைய சொந்தக்காரர்கள் வெளியிலேயே நின்றார்கள்.

சோட்சாஸுக்கே இது தெகட்டியது. முழுக்க மெம்ஃபிஸாக ஒரு வீட்டை நிரப்புவது கேக்கை மட்டுமே சாப்பிட்டு வாழ்கிற மாதிரி என்று அவரே சொன்னார். 1985இல் விலகினார். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் குழுவும் கலைந்தது. சண்டை சச்சரவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாணியாகிவிட்டது, அதனால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

மேலோட்டமான பதில், அந்தப் பாணி தொலைக்காட்சியில் புகுந்துகொண்டது. எண்பதுகளின் இறுதியில் வந்த அமெரிக்கப் பள்ளிக்கூடக் காமெடித் தொடர்களின் டைட்டில், செட், சட்டை எல்லாவற்றிலும் இந்த முக்கோணமும் நெளிவும்தான். மிலானில் ஐம்பது சாமான்களாக இருந்தது கலிஃபோர்னியாவில் பின்னணி வால்பேப்பராக ஆகிவிட்டது. 1983இல் சந்தைக்கு வந்த ஸ்வாட்ச் கடிகாரங்களிலும் அதே காற்று அடித்தது. உங்கள் கஃபே ஓனர் கேட்பது பெரும்பாலும் மிலானை இல்லை, இந்தத் தொலைக்காட்சி ஞாபகத்தைத்தான்.

இதில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கார்ப்பரேட் மெம்ஃபிஸ்' என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குட்டித் தலை, நீண்ட ரப்பர் கை கால், ஊதா நிறத் தோல் என்று ஆப்களிலும் பேங்க் விளம்பரங்களிலும் வருகிற தட்டையான மனிதர்கள். 2017இல் ஃபேஸ்புக்குக்காக பக் என்ற நிறுவனம் செய்த 'அலெக்ரியா' வரிசையோடு பரவியது. அதற்கும் சோட்சாஸுக்கும் பெயரைத் தவிர சம்பந்தம் குறைவு. ஒன்று யாரையும் உறுத்தக் கூடாது என்று செய்யப்பட்டது, இன்னொன்று உறுத்த வேண்டும் என்றே செய்யப்பட்டது. கூகுளில் 'மெம்ஃபிஸ்' என்று தேடும்போது இரண்டும் கலந்து வரும், ஜாக்கிரதை.

கொஞ்சம் ஆழமான பதில், அந்த மனிதர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. முதல் கண்காட்சியில் 'பிளாஸா' என்று ஒரு ஒப்பனை மேசை வைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ், 1985இல் அலெஸ்ஸி என்ற இத்தாலியப் பாத்திரக் கம்பெனிக்கு ஒரு கெட்டில் செய்தார். தண்ணீர் கொதித்தால் மூக்கில் உட்கார்ந்திருக்கும் சிவப்புக் குருவி விசிலடிக்கும். லட்சக்கணக்கில் விற்றது. பாத்திரம் சிரிக்கலாம் என்ற உரிமை அடுப்படிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிரோ குராமாதா 1983இல் மெம்ஃபிஸுக்காகக் 'கியோட்டோ' மேசையைச் செய்தார். சிமெண்டில் கலர் கண்ணாடிச் சில்லுகள் பதித்த தெராஸ்ஸோ, நம் வீடுகளில் மொசைக் என்று சொல்வோமே அதன் உறவு. சில வருஷங்களுக்கு முன் சுவர், டம்ளர், போன் உறை என்று எல்லாவற்றிலும் தெராஸ்ஸோ சில்லு அச்சு ஓடியதே, அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் தே லூக்கியுடையது. முதுகை வதைக்கும் அந்த நாற்காலியைச் செய்தவர், 1987இல் ஜான்கார்லோ ஃபஸ்ஸீனாவுடன் சேர்ந்து 'தொலொமேயோ' என்ற மேசை விளக்கை வடிவமைத்தார். அலுமினியக் கை, வெளியே தெரியும் கம்பி, ஒரு விரலால் தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும். பார்த்திருப்பீர்கள், உலகம் முழுக்க ஆபீஸ் மேசைகளில் இருக்கிறது. ஒரு துளி நெளிவு கிடையாது, ஒரு சொட்டு ரோஸ் கிடையாது. தயாரித்தது யார்? ஆர்தெமிதே. மெம்ஃபிஸ் கூத்துக்குப் பின்னால் நின்ற அதே ஜிஸ்மோந்தி. அந்த விளக்கின் விற்பனையைப் பார்த்தால், கூத்துக்குப் போட்ட பணம் வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். கலகக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது முதலாளிக்கு நஷ்டமே இல்லை.

மெம்ஃபிஸ் விட்டுப்போனது நெளிவை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பொருளின் மேல்தோலும் யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம்தான், அது உள்ளே இருக்கும் உருவத்துக்கு வேலைக்காரி இல்லை என்பதைத்தான் அவர்கள் சாதித்தார்கள். இன்று ஒரு லேப்டாப்புக்கு என்ன நிறம், என்ன சொரசொரப்பு என்பதற்கென்றே தனித் துறை வைத்து ஆட்களை வேலைக்கு எடுக்கிறார்கள்.

மார்க்கெட்டும் கடைசியில் ஒத்துக்கொண்டது. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி சத்தமில்லாமல் மெம்ஃபிஸ் சாமான்களை நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த 2016இன் நவம்பரில் சோத்பிஸ் அவற்றை ஏலம் விட்டது. அந்த ஏலத்தில் அவருடைய வாலன்டைன் டைப்ரைட்டர், 300 முதல் 500 பவுண்டு வரை போகும் என்று கணித்தது, 45,000 பவுண்டுக்குப் போனது. எல்லோருக்கும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த டைப்ரைட்டர்! சோட்சாஸ் அதற்கு ஒன்பது வருஷம் முன்பு, 2007இன் கடைசி நாளில் தொண்ணூறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, திட்டியிருப்பாரா என்று யோசிப்பதுண்டு.

அப்புறம், உங்கள் கஃபே.

சுவர் முழுக்க முக்கோணமும் புழுவும் அடிக்காதீர்கள். கேக் கதைதான். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். நானாக இருந்தால் கவுண்டரை எடுப்பேன், ஏனென்றால் சோட்சாஸ் லேமினேட்டைக் கண்டெடுத்ததே காபி கடை கவுண்டரில் இருந்துதான். அது ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பட்டும். பாக்தேரியோ அச்சை அபெத் இன்றும் விற்கிறது, ஆனால் இறக்குமதி செலவு கட்டாது. பிளைவுட் கடையில் சாம்பிள் புத்தகத்தைக் கேளுங்கள். முதல் ஐம்பது தகடும் தேக்கு, வால்நட், இத்தாலியன் மார்பிள் என்று வரும். கடைசிப் பக்கங்களில், யாரும் கேட்காததால் தூசி படிந்து, வேறெதையும் போல நடிக்காத நாலைந்து தகடுகள் இருக்கும். குழந்தைகள் அறைக்கு வாங்குவார்கள் சார் என்பார் கடைக்காரர். அதில் இரண்டை எடுத்து, பக்கத்தில் ஒரு நல்ல மரத் துண்டையும் வைத்துப் பாருங்கள். மரமும் தகடும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போனால் தப்பான தகடு.

வேலை முடிகிற நேரத்தில் ஆசாரி, தகட்டின் ஓரத்தில் தெரியும் பழுப்புக் கோட்டை மறைக்க பீடிங் அடிக்கவா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.